கோடு மறைந்த சாலையில் கார் நிறுத்தியதற்குக் கம்பவுண்ட்: மேல்முறையீடு செய்யும் முறை என்ன?

கேள்வி: மாலதி, பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையின் பெயரில் பதிவாகியுள்ள காரை நான் ஓட்டிச் சென்றபோது கிடைத்த ஒரு கம்பவுண்ட் (வழக்கைத் தவிர்க்கப் பணம் கட்டச் சொல்லும் சீட்டு) குறித்து, இத்தகைய விவகாரங்களில் பழக்கமுள்ளவர்களின் ஆலோசனையை நாடுகிறேன். எந்த ஊராட்சி மன்றம் அதை வழங்கியது என்பதைச் சொல்லப் போவதில்லை. அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமில்லை, முறையைத் தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

நான் காரை நிறுத்திய கடைவீதிக்கு அண்மையில்தான் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். பழைய வெள்ளைக் கோடுகளில் பெரும்பகுதி தாருக்கடியில் போய்விட்டது. சாலையோரக் கால்வாயை ஒட்டினாற்போல், முன்பு கட்டங்களின் மூலைகளாக இருந்திருக்கக்கூடிய சில வெள்ளைத் துண்டுகள் மட்டும் ஆங்காங்கே தெரிகின்றன. கட்டணம் செலுத்தி நிறுத்த வேண்டிய இடம் என்ற அறிவிப்புப் பலகை அப்படியே நிற்கிறது. முன்னும் பின்னும் கார்கள் வரிசையாக நின்றிருந்ததால் நானும் அந்த வரிசையிலேயே நிறுத்தி, கைப்பேசிச் செயலியில் காரின் எண்ணைச் சரிபார்த்து ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் செலுத்தினேன். திரும்பி வந்தபோது கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் சீட்டு இருந்தது. கட்டணம் செலுத்தவில்லை என்பது அதில் குற்றமாகக் காட்டப்படவில்லை. நிறுத்துமிடக் கட்டத்துக்கு வெளியே நிறுத்தியதாகவே எழுதியிருக்கிறார்கள்.

தொகை பெரிதில்லை. ஆயினும் கட்டமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டத்துக்கு வெளியே நின்றதாகச் சொல்வதை ஏற்க மனம் வரவில்லை. முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு மேல்முறையீடு செய்யலாமா? மேல்முறையீட்டுக் கடிதம் கொடுத்துவிட்டால், சீட்டில் உள்ள கெடு தானாகத் தள்ளிப்போகுமா? கடிதத்தை என் பெயரில் எழுதுவதா, தந்தையின் பெயரில் எழுதுவதா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: ஓய்வுபெற்ற எழுத்தர், புக்கிட் மெர்தாஜாம்

வணக்கம் அம்மா. ஊராட்சி மன்ற முகப்பில் பல ஆண்டுகள் அமர்ந்து இத்தகைய கடிதங்களை வாங்கிப் பதிவு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பணத்தைக் கட்டிவிட்டு மேல்முறையீடு செய்யலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். கம்பவுண்ட் என்பது நீதிமன்றம் விதித்த தண்டனையில்லை. 'இந்தக் குற்றத்துக்காக உங்கள்மீது வழக்குத் தொடுக்க இடமுண்டு. இத்தொகையைச் செலுத்தினால் அதை இத்துடன் முடித்துக்கொள்கிறோம்' என்று மன்றம் உங்கள் முன் வைக்கும் சமரசம் அது. பணம் கட்டினால் அந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்டதாகப் பொருள், கோப்பு மூடப்பட்டுவிடும். மூடிய கோப்பைத் திறந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது எந்த அலுவலகத்திலும் எளிய காரியமில்லை.

அடுத்து, முகப்பில் அமர்ந்திருந்த காலமெல்லாம் நான் கண்ட ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். தொகையைக் குறைக்கக் கேட்பது ஒன்று, கம்பவுண்டையே ரத்து செய்யக் கேட்பது வேறொன்று. நம் மக்கள் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். 'நான் தவறு செய்யவில்லை' என்று தொடங்கி, நடுவில் குடும்பக் கஷ்டத்தையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் விவரித்து, 'கருணை கூர்ந்து குறைத்துத் தாருங்கள்' என்று முடிப்பார்கள். அதைப் படிக்கும் அதிகாரி எதைச் செய்வார்? எது எளிதோ அதைத்தான் செய்வார். குறைப்பதற்கு அவர் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. ரத்து செய்வதென்றாலோ, அமலாக்கப் பிரிவில் விளக்கம் கேட்டு, ஏன் ரத்து செய்தோம் என்பதற்குக் கோப்பில் ஒரு காரணத்தையும் ஆதாரத்தையும் வைத்தாக வேண்டும். நாளைக்குத் தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே ரத்து கேட்பவர் அந்த ஆதாரத்தைத் தம் கையாலேயே அவருடைய மேசையில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். உங்கள் நிலைமையில் நீங்கள் ரத்து மட்டுமே கேளுங்கள். வருமானத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

உங்களுக்கான ஆதாரம் அந்தச் சாலையில்தான் கிடக்கிறது. புதுத் தார் போட்ட சாலைக்குக் கோடு போடுகிறவர்கள் எந்த நாளும் வந்துவிடலாம். வந்துவிட்டால் பளிச்சென்ற வெள்ளைக் கட்டங்களைத் தவிர நீங்கள் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. எனவே நாளைக் காலையிலேயே சென்று படம் எடுங்கள். உச்சிவெயிலில் புதுத் தார் பளபளத்துப் படத்தில் வெளுப்பாக விழும், இருக்கிற கோடும் இல்லாத கோடும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் வெயில் ஏறுவதற்கு முன் எடுப்பது நல்லது. கடையின் பெயர்ப்பலகையோ சாலைப் பெயர்ப்பலகையோ தெரியும்படி தொலைவிலிருந்து ஒன்று, கட்டண அறிவிப்புப் பலகையும் கோடற்ற சாலையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி ஒன்று, கால்வாய் ஓரத்தில் எஞ்சியுள்ள அந்த வெள்ளைத் துண்டுகளை அருகிலிருந்து ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை படம் எடுத்தாலும், 'இது எந்தச் சாலை என்று எப்படித் தெரியும்?' என்ற கேள்வி எழும்.

சீட்டை வழங்கிய அதிகாரியும் பொதுவாகத் தம் கருவியில் காரைப் படம் எடுத்திருப்பார். அந்தப் படத்தைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கோடு இல்லாததை அவர்களுடைய படமே காட்டிவிடவும் கூடும்.

பதில்: சட்ட அலுவலக உதவியாளர், கோலாலம்பூர்

மேலே ஐயா கூறியதை வழிமொழிகிறேன். சட்டப் பக்கத்தைப் பற்றிச் சில விவரங்களைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

சகோதரி, சீட்டில் குற்றத்துக்கு எதிரே எந்தச் சட்டத்தின் எந்த விதி குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் நாம் சம்மன் என்றே சொல்லிப் பழகிவிட்டாலும், ஊராட்சி மன்றங்கள் வெவ்வேறு சட்டங்களின் கீழ் கம்பவுண்ட் வழங்குகின்றன. கட்டண நிறுத்துமிடங்களுக்கான ஆணைகள் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்படுபவை. கட்டணம் செலுத்தாமை, கட்டத்துக்கு உட்படாமல் நிறுத்துதல் போன்றவை அவற்றில் அடங்கும். வாகனத்தால் சாலையில் இடையூறு ஏற்படுத்துவது அதே சட்டத்தின் 48ஆம் பிரிவில் வருகிறது. ஐந்தடி நடைபாதையில் பொருள்களை வைத்து வழியை மறிப்பது போன்றவற்றுக்கு 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது.

இந்த வேறுபாடு உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், பதில் சொல்ல வேண்டிய விஷயம் அதைப் பொறுத்து மாறுகிறது. கட்டத்துக்கு வெளியே நிறுத்தினீர்கள் என்பது குற்றச்சாட்டானால், அங்கே ஒரு கட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா என்பதே கேள்வி. அதற்கு உங்கள் படங்கள் நேரான பதில். இடையூறு என்பது குற்றச்சாட்டானால் கோடு இருந்ததா இல்லையா என்ற வாதம் அவ்வளவு உதவாது. வாகனங்கள் செல்ல வழி இருந்ததா, முன்னும் பின்னும் வரிசையாகக் கார்கள் நின்றனவா, சந்திப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றீர்கள் என்பவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். கட்டணம் செலுத்திய ரசீதைப் பலர் பிரம்மாஸ்திரம் போல் முன்வைக்கிறார்கள். கட்டணம் செலுத்தாத குற்றத்துக்குத்தான் அது முழுமையான பதில். உங்கள் விஷயத்தில் அது துணை ஆதாரம்: அந்த இடத்தைக் கட்டண நிறுத்துமிடம் என்று நம்பியே நிறுத்தினீர்கள் என்பதை அது காட்டும். செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் நேரமும் வாகன எண்ணும் ஒருங்கே தெரியும் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள்.

மேல்முறையீடு என்று நாம் சொன்னாலும், சுதந்திரமான தீர்ப்பாயம் எதுவும் இதற்கு இல்லை. சீட்டைக் கொடுத்த மன்றமே தன் விருப்புரிமையின்படி மறுபரிசீலனை செய்கிறது, அவ்வளவுதான். சுதந்திரமான ஒருவர் இருதரப்பையும் கேட்க வேண்டுமென்றால், பணம் கட்டாமல் இருந்து, மன்றம் வழக்குத் தொடுத்த பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து வழக்காட வேண்டும். அங்கே குற்றத்தை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்புக்கே உரியது. ஆனால் சிறு தொகைக்காக வேலைக்கு விடுப்பெடுத்து நீதிமன்றப் படியேறத் தயாரா என்பதை நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். அழைப்பாணை வந்த பிறகு போகாமல் இருந்துவிடுவது மட்டும் கூடவே கூடாது. கைதாணை வரை அது போகக்கூடும்.

கெடுவைப் பற்றிக் கேட்டீர்கள். கடிதம் கொடுத்ததால் கெடு தானாக நிற்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். நிறுத்திவைக்கிறோம் என்று அவர்கள் எழுத்தில் சொல்லும்வரை, சீட்டில் அச்சிடப்பட்ட நாளே கணக்கு. கடிதம் உங்கள் தந்தையின் பெயரில் போவது நல்லது, ஏனென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான். வழக்கு என்று வந்தால் அவர்கள் முதலில் தேடி வருவதும் அவரைத்தான். அன்று காரை ஓட்டியவர் மகள் என்பதை ஒரு வரியில் கூறி, உங்களுக்கு அவர் அளிக்கும் அதிகாரக் கடிதத்தையும் இணைத்தால், முகப்பில் நீங்களே போய் நிற்கலாம்.

பதில்: நகர ஓட்டுநர், செந்தூல்

எல்லோரும் இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இது வீண் வேலையாகவே தோன்றுகிறது. தினமும் கோலாலம்பூருக்குள் ஓட்டிப் பிழைப்பவன் நான். இங்கே கூட்டரசுப் பிரதேச தினத்தையொட்டி மாநகர் மன்றம் கம்பவுண்டுகளுக்குத் தள்ளுபடி அறிவித்ததுண்டு. அப்போது முகப்புகளில் வரிசை எப்படி நீளும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சகோதரியும் சீட்டை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தள்ளுபடி வரும்போது கட்டிவிடலாம். கடிதம், படம், அதிகாரக் கடிதம் என்று அலைவதற்கு ஆகும் பெட்ரோல் செலவே கம்பவுண்ட் தொகையைத் தாண்டிவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற எழுத்தர், புக்கிட் மெர்தாஜாம்

தம்பி, உங்கள் கணக்கு உங்களுக்குச் சரியாக இருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குறைந்த தொகையில் முடித்துக்கொள்ள வழி தேடுவதில் பிழையில்லை. ஆனால் தள்ளுபடி என்பது ஒரு மன்றம் தன் விருப்பத்துக்கு அறிவிப்பது. எந்த மன்றம், எப்போது, எந்தக் குற்றங்களுக்கு அறிவிக்கும் என்பது நம் கையில் இல்லை. ஏற்கெனவே நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்ட கம்பவுண்டுகளைத் தள்ளுபடியில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேசங்களுக்கு உரிய நாள். அதை நம்பிப் பினாங்கில் ஒருவர் காத்திருக்க முடியுமா? அந்த அம்மா தொகையைப் பற்றிக் கவலைப்பட்டு இங்கே கேட்கவுமில்லை.

பதில்: குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், ஆயர் ஈத்தாம்

பினாங்கில் இருப்பவர்களுக்கு மட்டும் பயன்படும் ஒரு செய்தி. தீவுக்கு ஒரு மாநகர் மன்றம், எதிர்க்கரைப் பெருநிலத்தில் உள்ள செபராங் பிறைக்கு வேறொரு மாநகர் மன்றம். தீவு மன்றத்தின் அலுவலகம் கொம்தார் கட்டடத்திலும், செபராங் பிறை மன்றத்தின் தலைமையகம் புக்கிட் மெர்தாஜாம் பண்டார் பெர்டாவிலும் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டில் அறிமுகமான பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை இரு கரைகளிலும் பயன்படுத்துவதால், எல்லாம் ஒரே அலுவலகம் என்ற நினைப்பு பலருக்கு வந்துவிட்டது. சீட்டின் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் கடிதம் போக வேண்டும். பாலம் கடந்து போய், 'இது எங்களுடையதில்லை' என்ற பதிலோடு திரும்பியவர்களை நான் அறிவேன்.

இன்னொன்று. கோடு மறைந்திருப்பதைத் தனிப் புகாராகவும் கொடுங்கள், கம்பவுண்ட் கடிதத்துக்குள் அதைப் புதைத்துவிடாதீர்கள். சாலை மன்றத்துடையதா, பொதுப்பணி இலாகாவுடையதா என்பதைப் பொறுத்துத் தாரும் கோடும் யார் பொறுப்பு என்பது மாறும்; புகார் கொடுத்தால் அது யாருடைய சாலை என்பதாவது தெரியவரும். புகாருக்குக் கிடைக்கும் பதிவு எண்ணை மேல்முறையீட்டுக் கடிதத்தில் குறிப்பிட்டால், கோடு இல்லை என்று நீங்கள் கம்பவுண்டுக்காகப் புனைந்து சொல்லவில்லை என்பதற்கு மன்றத்தின் பதிவேட்டிலேயே ஒரு சான்று இருக்கும். கவுன்சிலரைப் பார்ப்பதென்றால் இந்தக் கோட்டு விஷயத்துக்காகப் பாருங்கள். கம்பவுண்டை ரத்து செய்து தரும்படி அவரிடம் கேட்பதை நான் ஒப்புவதில்லை. அடுத்து அங்கே நிறுத்தப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

மாலதி, பினாங்கு

அனைவருக்கும் மிக்க நன்றி. படங்கள் எடுத்துவிட்டேன், நல்ல வேளையாகக் கோடு போடுகிறவர்கள் இன்னும் வரவில்லை. சீட்டில் குறிக்கப்பட்டிருப்பது நிறுத்துமிட ஆணைதான், இடையூறு இல்லை. மலாய்மொழியில் கடிதத்தின் வரைவையும் எழுதியிருக்கிறேன். அதன் சாரத்தைத் தமிழில் கீழே தருகிறேன், திருத்திக் கொடுங்கள்.

'நான் பல ஆண்டுகளாகச் சாலை விதிகளைத் தவறாமல் மதித்து நடக்கும் பொறுப்புள்ள குடிமகன். தங்கள் அதிகாரி சாலையின் நிலையைச் சிறிதும் கவனிக்காமல் இந்தக் கம்பவுண்டை வழங்கியிருப்பது மிகுந்த மனவேதனையை அளிக்கிறது. அன்று என் மகள் முறைப்படி கட்டணம் செலுத்தியிருந்தாள். அங்கே கோடே இல்லை. வரி செலுத்தும் மக்களை இவ்வாறு நடத்துவது நியாயமா என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்த்து, இதை ரத்து செய்யவோ குறைக்கவோ வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.'

பதில்: ஓய்வுபெற்ற எழுத்தர், புக்கிட் மெர்தாஜாம்

அம்மா, மனவேதனையை எடுத்துவிடுங்கள். அதிகாரி கவனிக்கவில்லை என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அவரிடமே விளக்கம் கேட்டுத்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில் தயாராகும், அவரைச் சீண்டி உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. முதல் வரியும் வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கடைசியில் 'குறைக்கவோ' என்று எழுதியிருக்கிறீர்களே, முன்பு நான் சொன்னது அதைத்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொகையைக் குறைத்துக் கோப்பை மூடிவிடுவார்கள்.

இப்படி இருக்கட்டும்: 'மேற்கண்ட எண்ணுள்ள கம்பவுண்டை ரத்து செய்யுமாறு விண்ணப்பிக்கிறேன். குறிப்பிட்ட நாளில் என் மகள் காரை நிறுத்திய பகுதியில் புதிய தார் போடப்பட்டிருந்ததால், நிறுத்துமிடக் கட்டத்தின் கோடுகள் கண்ணுக்குப் புலப்படவில்லை. இணைப்பு ஒன்றில் உள்ள படங்கள் இதைக் காட்டும். கட்டண நிறுத்துமிட அறிவிப்புப் பலகை அங்கே இருந்ததால் அவர் வரிசையில் நிறுத்திக் கட்டணமும் செலுத்தியிருக்கிறார். பரிவர்த்தனைப் பதிவு இணைப்பு இரண்டில் உள்ளது. தங்கள் அதிகாரி எடுத்த படத்தைப் பார்வையிட அனுமதி கோருகிறேன். இம்மனு பரிசீலனையில் இருக்கும்வரை மேல்நடவடிக்கையை நிறுத்திவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.'

தலைப்பில் கம்பவுண்ட் எண், வாகன எண், நாள், நேரம், சாலைப் பெயர் ஆகியவை சீட்டில் உள்ளபடியே வரட்டும். மாநகர் மன்றமாகையால் டத்தோ பண்டாருக்கு (மேயருக்கு) முகவரியிட்டு, அமலாக்கப் பிரிவின் கவனத்துக்கு என்று குறிப்பிடுங்கள். மலாயில் எழுதியது நல்லதே. அரசு அலுவல் அம்மொழியில்தான் நடக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பினாலும் முகப்பில் ஒரு படியைக் கொடுத்து, உங்கள் படியில் பெற்றுக்கொண்ட முத்திரையை நாளோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலதி, பினாங்கு

நீங்கள் எழுதியபடியே கொடுத்து முத்திரையும் பெற்றுவிட்டேன் ஐயா. கோடு குறித்த புகாரின் எண்ணையும் கடிதத்தில் சேர்த்துக்கொண்டேன். ஒரே ஓர் ஐயம்: கெடு முடிவதற்குள் பதில் வரவில்லையென்றால் என்ன செய்வது?

பதில்: சட்ட அலுவலக உதவியாளர், கோலாலம்பூர்

கெடுவுக்கு ஓரிரு வேலை நாள்களுக்கு முன், முத்திரையிட்ட படியை எடுத்துக்கொண்டு அதே முகப்புக்குச் செல்லுங்கள். மனு பரிசீலனையில் இருக்கிறது என்பதைக் கணினிப் பதிவில் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டு, அதை எழுத்திலோ மின்னஞ்சலிலோ உறுதிப்படுத்தித் தரச் சொல்லுங்கள். அங்கேயே ஒரு குறைந்த தொகையைச் சொல்லி 'இதைக் கட்டிவிட்டுப் போங்கள்' என்று கூறினாலும் கூறுவார்கள். உடனே கட்டிவிட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து தந்தையோடு கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். கட்டினால் விவகாரம் அத்தோடு முடிந்தது, பிறகு ரத்து கேட்க இடமில்லை. கட்டுவதில்லை என்று முடிவு செய்தால், படங்களின் மூலக் கோப்புகளைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள்; எடுத்த நாளும் நேரமும் அவற்றில்தான் பதிவாகியிருக்கும், வழக்கு என்று வந்தால் அச்சுப்படியைவிட அவையே கூடுதலாக உதவும்.